நிழலோடு நடந்த கொட்டகை

தை இருபத்திரண்டு, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். பனி விலகி இளவெயில் வந்திருந்தது. கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று. வரிச்சிக்குடி வயலோரத்தில், ஆறு மூங்கில் கால்களும் அறுபத்துநான்கு கீற்றுகளும் கொண்ட எங்கள் கொட்டகைக்குள் என் மனைவி முதன்முதலாக உட்கார்ந்தாள்.

மூட்டு ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம். டாக்டர் நடக்கச் சொல்லியும் விழுந்துவிடுவோம் என்று அவள் வாசல் தாண்டவில்லை. எனக்கும் அதே பயம். வயற்காற்றில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். கார் கதவிலிருந்து நாலே அடி இருக்கும்படி, சாலையிலிருந்து வயலுக்குள் இறங்கும் வழியிலேயே கொட்டகையைப் போட்டேன்.

ஏழரைக்கு அறுவடை மிஷின் வந்து நின்றது.

"ஐயா, வழியில கொட்டகை இருக்கு. எப்படி இறங்குறது?" என்றார் டிரைவர். "பிரிக்கிறீங்களா, நான் அடுத்த வயலுக்குப் போகட்டுமா? போனா திரும்பி வர நாலு நாளாகும்."

வயலைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர் தலையைச் சொறிந்தார். "வருஷா வருஷம் பக்கத்து வயல் வழியாத்தான் வரும், அத்தான். இந்தத் தடவ அவங்க நடவு பிந்திப்போச்சு. பயிர் இன்னும் நிக்குது. எனக்கும் தோணாமப் போச்சு."

இரண்டு நாளில் மழை என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். முற்றிய கதிர் சாயும். கொட்டகையைப் பிரித்தால் இவள் இன்னொரு முறை வீட்டை விட்டுக் கிளம்புவாளா என்பதும் சந்தேகம்.

"அம்மனைத் தூக்குறவங்களக் கூப்பிடு தம்பி," என்றாள் அவள். "அந்தப் பல்லக்கு கனமா, இது கனமா?"

கால் மணி நேரத்தில் நாலு பைக்கில் எட்டுப் பேர் வந்தார்கள். சாலையோரமாகக் கொஞ்சம் தள்ளியிருந்த வாய்க்கால் மேட்டில் கொட்டகையை நட்டுவிடலாம் என்றார் மைத்துனர். கால்களை ஆட்டிப் பிடுங்கினார்கள். இரண்டு நீள மூங்கிலைத் தோள் உயரத்தில், பல்லக்குக்குக் கட்டுவதுபோலவே கயிறு போட்டு இறுக்கினார்கள்.

"அக்கா, எந்திரிச்சு கார்ல உக்காருங்க," என்றார் மைத்துனர்.

"நீங்க தூக்குங்க. நான் நிழலோடயே வர்றேன்."

"வாய்க்கால் மேடு வரைக்குமா?" என்றேன். "டாக்டர் என்ன சொன்னார்?"

"படி ஏறாதன்னாரு. இங்க எங்க படி இருக்கு?"

கொட்டகை எழும்பியது. எட்டுப் பேரும் ஒரே காலெடுத்து வைக்க, கூரை அசைந்து அசைந்து சாலையோரமாகப் போனது. அதன் நடுவே அவள் போனாள். முதல் பத்தடிக்குக் கைத்தடி ஊன்றினாள். பிறகு அதை என்னிடம் நீட்டிவிட்டு ஒரு மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் தடியுடன் நான் பின்னால் ஓடினேன். பயத்தினூடே சிரிப்பும் வந்தது.

"என்னங்க, சாமி ஊர்வலமா?" என்று மிஷின் மேலிருந்து டிரைவர் கேட்டார்.

"சாமின்னா எங்க தோள்ல ஏறும்," என்றார் முன்னால் தூக்கியவர். "இது நடந்து வருது."

பாதி வழியில் தோள் மாற்ற நின்றார்கள்.

"என்னப்பா, அதுக்குள்ள களைச்சிட்டீங்க?" என்றாள் அவள்.

வாய்க்கால் மேட்டில் கொட்டகையை நட்டார்கள். கீழே மிஷின் இறங்கி முதல் சுற்று அறுத்தது. மதியம் அங்கேயே சாப்பிட்டோம். கிளம்பும்போது காரை மேட்டருகே கொண்டுவரப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அவளே நடந்து வந்தாள். தடி பின்சீட்டில் கிடந்தது.

தூக்கியவர்கள் கூலி வாங்கவில்லை, பிரியாணி கேட்டார்கள். கொட்டகை போட ஏழாயிரத்து முந்நூற்று எண்பது, எட்டுப் பொட்டலம் பிரியாணி தொள்ளாயிரத்து அறுபது, டீயும் வடையும் நூற்றுத் தொண்ணூறு. ஆக மொத்தம் எட்டாயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய்.