இறக்கத்தில் வந்த பயம்

பேருந்துப் பணிமனையில் அந்தப் பெண் ஓட்டுநருக்குப் பெயர் 'பாறை'. மயிரிழையில் தப்பிய ஓட்டுநர்கள் அந்தக் கதையை ஓய்வறையில் ஒரு வாரம் ஓட்டுவார்கள். பாறையோ கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அன்று மேம்பால இறக்கத்தில், நிறைந்த வண்டியில், பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஓரச் சுவரில் டயரை உரசவிட்டு நிறுத்தினார். கீழே சிக்னலில் சாலையைக் கடந்துகொண்டிருந்த கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "ஏம்மா, தூங்கிக்கிட்டா ஓட்டுற?" என்றார் ஒரு பயணி. எல்லாரையும் வேறு வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு, பாறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் இசிஜி மாரடைப்பு என்றது. ரத்தப் பரிசோதனையும் ஆமாம் போட்டது. தையல்காரரான கணவர், கழுத்தில் அளவுநாடா தொங்க ஓடிவந்தார். மாரடைப்பு வந்த ஓட்டுநரைப் பணிமனை மறுபடி வண்டியில் ஏற்றாது. டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடும்.

ஆஞ்சியோகிராம் பார்த்த மருத்துவர் கட்டிலருகே வந்தார். "ரத்தக் குழாயில அடைப்பே இல்லம்மா. இதயத் தசை அதிர்ச்சியில சோர்ந்துபோய், நுனி பானை மாதிரி உப்பியிருக்கு. மாரடைப்பு மாதிரியே வேஷம் போடும். பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். இன்னைக்கு எதுக்காவது பயந்தீங்களா?"

"இல்ல."

"வீட்ல சண்டை?"

"அவ பேசுவா, நான் கேப்பேன்," என்றார் கணவர். "சண்டைக்கு ரெண்டு பேர் வேணுமே, டாக்டர்."

உடன் வந்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பிரேக் விஷயத்தச் சொல்லுங்க."

"அதான் நிறுத்திட்டேன்ல."

"நீங்க நிறுத்திட்டீங்க. என் கால் நடுக்கம்தான் இன்னும் நிக்கல. வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா, நாளைலேர்ந்து கவுண்டர்ல சில்லறை எண்ண வேண்டியதுதான்."

"என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா, இது வேற வியாதின்னு பணிமனைக்குத் தெளிவா எழுதலாம்," என்றார் மருத்துவர்.

பாறை கணவரின் பக்கம் திரும்பினார். "பயந்துட்டேங்க. சாமியக்கூடக் கூப்பிடல, உங்களத்தான் கூப்பிட்டேன்."

"நான் வந்து பிரேக்கையா மிதிச்சிருப்பேன்?" என்றார் கணவர்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் பழைய வடிவத்தில் இருந்தது. மருத்துவர் சான்று கொடுத்தார். பணிமனை ஓட்டவைத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தது.

வண்டியைக் கிளப்பும்முன் கண்டக்டர் ஜன்னலருகே வந்தார். "பயமா இருக்காக்கா?"

"இருக்கு," என்றார். "ஏறு, நேரமாச்சு."