நூருன்னிசா அக்கா மூடிய கவுண்டர்

இவ்வளவு பின்னிரவில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். சின்னவள் இப்போதுதான் தூங்கினாள். எழுத்து கோணலாக இருந்தால், நம் பயணிகள் சங்க இதழுக்குத் தட்டச்சு செய்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சீசன் டிக்கெட் புதுப்பிக்க நம் ஸ்டேஷன் கவுண்டருக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் ஒரு புதிய முகம். நூருன்னிசாம்மா லீவா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம தவறிட்டாங்கம்மா. நெஞ்சுவலி. யாரும் சொல்லலியா?" என்றார். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தவே, நகர்ந்துகொண்டேன்.

அவர் ராயப்பேட்டைக்காரர். கணவர் இறந்த பிறகு ரயில்வேயில் வேலை கிடைத்து, நம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பீச் ஸ்டேஷன் போகும் வண்டி எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டேன். "பி.ஏ. படிச்ச மூஞ்சா கீது. போர்டு படிக்க வராதா?" என்றார். சொல்லிவிட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி வழியும் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூத்தவனுக்கு அப்போது எட்டு மாதம். அவனை வண்டியில் தூக்கிப் போய் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன். நம் பெண்கள் பெட்டியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: கூட்டத்தில் கைப்பிள்ளையை முதலில் வாசலில் நிற்பவரிடம் நீட்டிவிடுவோம், பிறகு ஏறுவோம். அன்றும் நீட்டினேன். பச்சை நூல்புடவை கட்டிய ஒருவர் வாங்கிக்கொண்டார். நான் காலை வைப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பிள்ளை போய்விட்டான். நான் பிளாட்பாரத்தில் நின்றேன்.

எப்படிக் கவுண்டருக்கு ஓடினேன் என்று நினைவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் சொன்ன இரண்டு வார்த்தையைக் கேட்டார், பலகையைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். வரிசையில் நின்றவர்களுக்குக் கோபம்.

"இன்னா மேடம், மூடிக்கினு போறீங்க? வண்டி வர்ற நேரம்."

"வண்டி இன்னொன்னு வரும் நைனா. கொழந்த வருமா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் புகுந்து போனை எடுத்தார். அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி, பெண்கள் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். நான் அடுத்த வண்டியில் போய் இறங்கியபோது, பச்சைப் புடவைக்காரர் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாங்கிக்கொண்டு அழுதேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கென்று ஒரு மேலதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார். மூடிய கவுண்டரையும், போன் பேசிக்கொண்டிருந்த அக்காவையும் பார்த்துவிட்டு, "சொந்தப் பேச்சுக்காகப் பணியிடத்தை விட்டுச் சென்றார்" என்று எழுதி மெமோ கொடுத்துவிட்டார்.

நான் வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னேன். அக்கா விடவில்லை. "உன் பேரு வந்தா ஒங்க வீட்டுக்குத் தெரியும். வேலைய வுட்டுட்டு ஊட்ல குந்துன்னுவாங்க. போம்மா, நான் பாத்துக்கறேன்." அவர் சொன்னது உண்மைதான். நானும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்தின் விலையை அவர் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சினாராம். "ஒரு வரி வருந்துகிறேன்னு எழுதிடும்மா, முடிஞ்சிடும்."

"வருத்தமே இல்லாம வருந்துறேன்னு எழுதினா அது பொய் சார். அதுக்குத்தான் மெமோ குடுக்கணும்."

மெமோவுக்கு அவர் எழுதிக் கொடுத்த பதில் இவ்வளவுதான்: "கவுண்டரை மூடினேன். தேவைப்பட்டால் மறுபடியும் மூடுவேன்." தண்டனைக் குறிப்பு அவர் பதிவேட்டில் ஏறியது. கடைசி நாள் வரை மன்னிப்பு எழுதவில்லை.

இப்போது அவர் மகள் ஷமீமுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனு போயிருக்கிறது. அந்தக் குறிப்பைக் காட்டி மனுவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அம்மா சார்பில் மகள் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்திட்டால் நகருமாம். நான் நேற்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ரயில்வே ஆபீஸுக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "நாலு வருஷம் கழிச்சு, அதுவும் குழந்தையோட அம்மாவே சொன்னா எப்படிம்மா? வேற யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த ஒருவர்.

இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும். என் கணவர் படிப்பார், மாமியாரும் படிப்பார். படிக்கட்டும். பிள்ளையைத் தவறவிட்டது நான். அவனை மீட்டுக் கொடுத்தவர் மேல் பொய்க் குறிப்பு கிடக்க, நான் நல்ல பெயரோடு இருக்க வேண்டியதில்லை.

ரயில்வே ஆபீஸிலிருந்து நேற்று மாலையே அக்காவின் ராயப்பேட்டை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்து அனுப்பியிருந்தார்கள், கையெழுத்து மட்டும் பாக்கி. "இன்னா செய்யப் போறே?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார். ஷமீம் அந்தத் தாளை நான்காக மடித்தாள், ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் செருகினாள், மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். டீ சிந்தவில்லை.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் பெயரில் மன்னிப்பு எழுத நாங்கள் விடமாட்டோம்.

பச்சை நூல்புடவை கட்டியிருந்தவரே, அன்று அந்தப் பெட்டியில் இருந்தவர்களே, வரிசையில் நின்று கோபப்பட்டவர்களே: பார்த்ததைப் பார்த்தபடி நாலு வரி எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்புங்கள். வேறு சாட்சி இல்லாவிட்டால் ஷமீமின் மனு அடுத்த வாரம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பிவிடும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.