எல்வைரா டோல் கப்பலின் சமையல்காரி

ராக்னாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். மீன் பிடிக்கப் போன அவள் கணவனை அமெரிக்காவின் கடல்போன்ற சுப்பீரியர் ஏரி திருப்பித் தரவில்லை. அதன் பிறகு டுலூத் துறைமுகத்தில் அந்த நார்வேக்காரிக்குக் கிடைத்த ஒரே வேலை எல்வைரா டோல் என்ற சரக்குக் கப்பலில் சமையல். மகளை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு ஏறினாள். எந்நேரமும் தப்பி ஓடத் தோதாக, பூட்ஸைக் கழற்றாமலேதான் படுப்பாள்.

"கனவுலகூட நடந்துகிட்டே இருப்ப போலயே" என்று சீண்டுவான் எஞ்சின்காரன் மலாக்கி. அந்த அயர்லாந்துக்காரன் எதற்கும் சிரிப்பவன்.

கப்பலோ ஓக் மரத்தால் கட்டிய பழைய நீராவிக் கப்பல். இரும்புக் கப்பல்கள் பெருகிவிட்ட காலத்தில், ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நவம்பரில் கோதுமையை வாயளவு நிரப்பிக்கொண்டு கிளம்பியது. மறுநாள் காலையில் பனியோடு புயல் பிடித்தது.

ராக்னா ரொட்டிமாவு பிசைந்துகொண்டிருந்தபோது காலடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலை மோதும் சத்தம் அவளுக்குப் பழக்கம், இது வேறு. சரக்கறைப் பலகைகள், கன்று ஈன முடியாத பசுபோல முனகின. மாவுக் கையோடு ஓடி எஞ்சின் அறையின் திறப்பில் குனிந்தாள். கீழே மலாக்கி முழங்காலளவுத் தண்ணீரில் நின்றான். தாடியெல்லாம் கோதுமை.

"என்ன சத்தம் அது?"

"கோதுமை நனைஞ்சு ஊதுது. உள்ளேயிருந்தே பலகையைத் தள்ளுது. பம்புலயும் போய் அடைச்சுக்குது." இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

கேப்டன் பார்டி மேலிருந்து கத்தினார்: "கீவீனா முனையைச் சுத்திட்டா கரை காத்தை மறைச்சிடும்! அதுவரைக்கும் நீராவி இறங்கக் கூடாது மலாக்கி!"

"கரி நனைஞ்சு போச்சு கேப்டன்! எதைப் போட்டு எரிக்க?"

யாரும் சொல்லாமலே ராக்னா சமையலறைக்கு ஓடினாள். பன்றிக்கொழுப்பு வாளிகளையும் உப்புப்போட்ட தொடைக்கறியையும் இழுத்து வந்து கயிற்றில் கட்டி இறக்கினாள். கொழுப்பு விழுந்ததும் உலை உறுமிப் பற்றியது. பிறகு நாற்காலிகள், மேசைக்கால்கள், அவள் படுத்த கட்டிலின் பலகை. ஒவ்வொரு முறை குனியும்போதும் கறுப்புத் தண்ணீர் இன்னும் மேலே வந்திருந்தது. கொழுப்பு வழுக்கியதில் முடிச்சு விழவில்லை. பல்லால் கடித்து இறுக்கினாள்.

"இன்னும் குடு தாயி!" என்று மலாக்கி கத்திக்கொண்டே இருந்தான்.

முனையைச் சுற்றிவிட்டார்கள். காற்று சற்று அடங்கியதும் கேப்டன் படகை இறக்கச் சொன்னார். ராக்னா திறப்பில் குனிந்து, "மலாக்கி, போதும், ஏறி வா!" என்றாள்.

"நான் ஏறினா பம்பு நின்னுடும். பம்பு நின்னா படகு இறங்குறதுக்குள்ள கப்பல் இறங்கிடும். நீ போ, பின்னாலேயே வர்றேன்."

"பொய் சொல்றே."

"போ ராக்னா!"

ஒரு மாலுமி அவளை இடுப்போடு தூக்கிப் படகில் போட்டான். துடுப்புகளில் பனிக்கட்டி உறைந்தது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். பின்னால் பீரங்கி வெடித்ததுபோல கப்பலின் விலா பிளந்தது. ஊறிய கோதுமை மஞ்சளாகக் கொட்டியது. பிறகு புகைபோக்கி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. மாலையில் கரையிலிருந்த மீனவர்கள் அவர்களை இழுத்துப்போட்டார்கள்.

மலாக்கியின் மனைவி ஹனோராவைப் பார்க்கப் போக ராக்னாவுக்கு ஏரியைவிட அதிகப் பயம். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினாள். மூன்றாம் முறை அவள் தட்டுமுன்பே கதவு திறந்தது.

"எத்தனை தடவ நடப்பே? உள்ள வா" என்றாள் ஹனோரா. தேநீர் ஊற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் பயந்தாரா?"

பொய் சொல்ல வேண்டுமென்றுதான் நினைத்து வந்திருந்தாள். வாயில் வரவில்லை.

"பயந்தாரும்மா. குரல்ல தெரிஞ்சுது. ஆனா ஏறி வரல."

ஹனோரா கோப்பையைக் கீழே வைத்தாள். "பயமே இல்லாம போனாருன்னு எல்லாரும் வந்து சொன்னாங்க. யாரோ அந்நிய ஆளைப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வசந்தத்தில் பனி உருகி ஏரி திறந்தபோது ராக்னா வேறொரு கப்பலில் ஏறினாள். மகள் வளர்ந்து ஆளாகும்வரை அந்த ஏரியிலேயே சமைத்தாள். பயம் ஒரு நாளும் விடவில்லை.