குழலுக்குள் தெரிந்த பிறை

எங்கள் வீட்டில் துப்பாக்கி துடைக்கும் நாளில் தொலைக்காட்சிகூட வாய் திறக்கக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். பத்து பாகாட் டவுனுக்கு வெளியே எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனைத் தோட்டம் இருந்தது. இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் குடைந்து தின்றுவிடும் என்பதால், அப்பா முறையாக லைசன்ஸ் எடுத்து ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். இந்த ஊர் ஈரத்துக்கு இரும்பை மூன்று வாரம் சும்மா விட்டால் துரு பூத்துவிடும். ஆகவே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகள் துப்பாக்கிக்கு உரியவை.

கார் நிற்கும் இடத்தில் மேசையைப் போட்டு, பழைய செய்தித்தாளை விரித்து, அப்பா ஒரு பூஜை போலத் தொடங்குவார். தோட்டாக்கள் இருக்கும் தகரப் பெட்டி படுக்கையறையில் பூட்டிக் கிடக்கும், சாவி அம்மாவிடம். “பூட்டியாச்சா?” என்று அப்பா கேட்பார். “ஆச்சு” என்று சமையலறையிலிருந்து பதில் வந்த பிறகே இரும்பு அலமாரியைத் திறப்பார். துப்பாக்கியின் முனையை வாசலுக்கு அப்பால் இருந்த மண்மேட்டுப் பக்கம் திருப்பி, அதை மடித்துத் திறந்து பார்ப்பார். பார்த்தது போதாதென்று தோட்டா உட்காரும் துளைக்குள் விரலை விட்டும் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குழலைத் தனியே கழற்றுவார். நீளமான குச்சியின் நுனியில் பழைய பனியன் துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டு இழுப்பார். பிறகு உலர்ந்த துணி. கடைசியாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு எண்ணெய் தடவிய ஒரு துணி. எல்லாம் முடிந்ததும் குழலை வானத்துக்கு எதிரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. துளை உள்ள எதன் வழியாகவும் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. அந்தக் குழலுக்குள் ஒரு முறை பார்க்க நான் கெஞ்சாத ஞாயிறு இல்லை. “இது வெளையாட்டுச் சாமான் இல்ல” என்பதே எப்போதும் பதில்.

அந்த ஞாயிறன்று மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. மாசாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்று சாயங்காலம் அப்பா பன்றி சுடப் போவதாக இருந்தது. தானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அத்தனை தூரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார்.

அப்பா கடைசித் துணியை இழுத்து முடித்து, குழலைத் தூக்கிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்கு” என்றார்.

“நான் பாக்கணும்” என்று சிணுங்கினேன்.

வழக்கமான பதில் வருவதற்குள் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தார். “தனிக் குழாய்தானே, ஒரு தடவ பாக்கட்டுமே. அழுதுகிட்டே இருக்கா.”

மச்சினன் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா குழலை என்னிடம் நீட்டினார். கனமாக இருந்தது. பின்பக்கத் துளையில் கண்ணை வைத்தேன். உள்ளே வெள்ளிச் சுரங்கம் போல மினுமினுத்தது. ஆனால் கடைசியில் வானம் வட்டமாகத் தெரியவில்லை.

“பிறை மாதிரி இருக்குப்பா.”

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். “அலமாக்! பிறை தெரிஞ்சிருச்சாம் லா! நாளைக்கு ஹரி ராயா, நோன்புப் பெருநாள். நான் வேலைக்கு லீவு சொல்லிடறேன்!”

அப்பாவும் சிரித்தார். “அது எண்ணெய் பளபளப்பும்மா. குடு.”

“இல்லப்பா. கீழ கறுப்பா ஒண்ணு உக்காந்திருக்கு.”

“குடுன்னு சொல்றேன்ல?”

கொடுக்கவில்லை. குழலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றேன். மாமாவின் சிரிப்பு எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

“எங்கிட்ட குடு” என்றார் அம்மா. வாங்கி, கண்ணை வைத்துப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார்: “அடைச்சிருக்குங்க.”

அப்பா குழலை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். இந்தக் கண்ணால், பிறகு அந்தக் கண்ணால். குச்சியை எடுத்து உள்ளே தள்ளினார். கட்டைவிரல் அளவில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு துணிச் சுருள் செய்தித்தாளின் மேல் பொத்தென்று விழுந்தது. கடைசித் துணி குச்சியிலிருந்து கழன்று, குழலின் வாய்ப்பக்கத்திலேயே தங்கிவிட்டிருக்கிறது.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “மச்சான், இதோட சாயங்காலம் சுட்டிருந்தா…”

“குழல் வெடிச்சிருக்கும்” என்றார் அப்பா. “மூஞ்சிக்கு நேரா.”

வெடிப்பதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும் உச்சந்தலைவரை ஏறியது. மாமா என்னை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினார். பிறகு தலையில் பெரிய ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து டவுனுக்கு அழைத்துப்போய் ஐஸ் துருவலில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். போன இடமெல்லாம் கதை சொன்னார். முதல் கடையில் கட்டைவிரல் அளவாக இருந்த துணி, இரண்டாவது கடையில் கைக்குட்டை ஆனது. மூன்றாவது கடையில் அது ஏறக்குறைய இடுப்பில் கட்டும் ஒரு சாரோங். நான் எதையும் மறுக்கவில்லை. கடைக்கார அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, “நல்ல கண்ணு லா ஒனக்கு” என்று இன்னொரு கரண்டி பாகு ஊற்றினார்.

அன்று சாயங்காலம் யாரும் பன்றிக்குப் போகவில்லை. இரவோடு இரவாக மூன்று கன்றுகள் போயின. அடுத்த வாரம் அவரும் அம்மாவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அடுத்த மாதம் அப்பா ஒரு கண்ணில் கட்டுடன் வந்து இறங்கினார். கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றார்கள். நம்பினேன். அதன் பிறகு துடைக்கும் நாட்களில் அப்பா என்னைக் கூப்பிடாமல் குழலைப் பூட்டியதில்லை. “முழு வட்டம்” என்று நான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே அலமாரி மூடும். பள்ளியில் வகுப்புத் தலைவி ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

இப்போது நான் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கிறேன். போன மாதம் அம்மா வந்திருந்தபோது என் மகளிடம் இந்த வீரக்கதையை மறுபடியும் அவிழ்த்துவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

“ஒங்கப்பாவுக்குக் கண்ணு மங்குனது எனக்கு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். டீய கோப்பைக்கு வெளிய ஊத்துவாரு. வெளிய சொன்னா லைசன்ஸ் போயிரும்னு அவருக்குப் பயம். என் தம்பி முன்னாடி ‘உங்களுக்குக் கண்ணு தெரியல’ன்னு நான் எப்படி லா சொல்வேன்? அதான் ஒன்ன விட்டுப் பாக்கச் சொன்னேன்.”

என் அழுகைக்கு இரங்கித்தான் அம்மா அன்று வெளியே வந்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அடுப்பில் இருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு, அப்பா குழலைத் தூக்கும் நேரம் பார்த்து அவர் வந்திருக்கிறார். ஐஸ் கச்சாங்கின் சிவப்புப் பாகு முழங்கைவரை வழிய, டவுன் முழுக்க என் கண்ணைப் புகழக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த வீட்டில் முதலில் பார்த்தவள் நான் இல்லை என்பது எப்படித் தெரிந்திருக்கும்?