உள்ளங்கை அளவு வட்டம்

விடாத கார்த்திகை மழை. தாம்பரத்தில் டாக்ஸியில் ஏறியதுமே, குளிருகிறதென்று ஏ.சி.யை நிறுத்தச் சொல்கிறேன். வண்டலூர் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாக மூச்சின் ஆவி படிந்து வெளுத்துப்போகிறது. டிரைவர் மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்.

"ஏ.சி. போட்டாத்தான் சார் இது போவும்."

"கேளம்பாக்கம் பக்கம்தானே, துடைச்சுக்கிட்டே போங்க."

கண்டிகையில் கூட்டம். நசுங்கிய சைக்கிள் பக்கத்தில் ஒருவரைத் தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள். இடித்த கார் அங்கேயே நிற்கிறது. அதன் கண்ணாடி முழுக்க வெள்ளை. ஓட்டியவர் முகத்துக்கு நேரே மட்டும் உள்ளங்கை அளவு துடைத்த வட்டம். அவர் இன்னும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுகிறார். அவர் மூச்சுப் பட்டு அந்த வட்டமும் மூடிக்கொண்டு வருகிறது.

எங்கள் டிரைவர் என்னைக் கேட்காமலே ஏ.சி.யைப் போடுகிறார்.

"குளிருதா சார்?"

"இல்லீங்க" என்கிறேன், நடுங்கிக்கொண்டே.