மூன்றாவது இழுப்பு

எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒன்றரை வருடமாக ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார். என் கணவர் அப்படித்தான் சொல்வார். அது என்னுடைய டைவிங் உடை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டான கறுப்பு ரப்பர். காய்ந்த பிறகும் அதன் முழங்கையும் முழங்காலும் லேசாக மடிந்தே இருக்கும், இப்போதுதான் யாரோ உள்ளேயிருந்து கழன்று போனதுபோல. மின்விசிறியைப் போட்டால் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். மடித்து வைத்தால் ரப்பர் கெட்டுவிடும் என்று நான் காரணம் சொல்லி வந்தேன். அது பாதிப் பொய். மடித்து உள்ளே வைத்தால் இனி வேண்டாம் என்று முடிவு செய்ததாக ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பெங்களூரில் கடல் இல்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போவார். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வயதுக்கு மேல், ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவள் நான். கற்றுக்கொள்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் இறங்காத ஆட்களோடு விடுமுறைக்குப் போகும்போது அதற்கு வசதியான இடம் தேடுகிறோமே, அதுதான் கஷ்டம். என் கணவருக்கு இடுப்பளவுத் தண்ணீர் ஆகாது. அவருடைய அக்காவுக்குக் கணுக்கால் அளவே அதிகம். முருடேஸ்வரம் போனால், டைவிங் நடக்கும் தீவுக்குப் படகில் போய்வர அரை நாள் ஆகும். அதுவரை இருவரும் வெயிலில் என் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார்கள். நான் உப்புத் தலையோடு சந்தோஷமாகத் திரும்பினால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நிழல், நல்ல சாப்பாடு, சுத்தமான கழிப்பறை, ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கத்தில் ஒரு சர்ச், இவ்வளவும் இருக்கிற இடத்தில் டைவிங் இருக்காது. டைவிங் இருக்கிற இடத்தில் கழிப்பறை இருக்காது.

கடைசியாக அந்தத் தீவுக்குப் போனபோது, ஆழத்தில் என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. சாதாரண விஷயம், மூக்கால் ஊதி வெளியேற்றப் பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆனால் அன்று ஊதுவதற்குப் பதில் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டேன். பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. மேலே போகத் துடித்தேன் என்றும், பயிற்சியாளர் என் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினார் என்றும் பிறகு சொன்னார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அன்றிலிருந்து குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட வாயைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என் கணவரின் அக்கா கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்பது சரி, ஆனால் மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் இரண்டு தடவைக்கு அவர் திரும்பவே மாட்டார். காது நன்றாகக் கேட்கும். வாசல் மணி மூன்றாம் முறை அடித்தால்தான் எழுந்திருப்பார், அதற்குள் கூரியர்க்காரர் போய்விடுவார். போனும் அப்படித்தான், இரண்டு முறை அடித்து ஓய்ந்து மூன்றாம் முறை வந்தால்தான் எடுப்பார். அவருடைய மாமனார் அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டுக்குப் போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

"மனுஷங்க கூப்பிட்டா மூணு தடவை கூப்பிடுவாங்க. அது கூப்பிட்டா ரெண்டோட நிறுத்திடும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னார். அது என்றால் எது என்று சொல்லவில்லை.

"சர்ச்சுக்குப் போறவங்க இதையெல்லாம் நம்பலாமா அண்ணி?"

"நம்பறேன்னு யாரு சொன்னா? திரும்பறதில்ல, அவ்வளவுதான்."

அந்த வாரம்தான் போனில் தேடிக்கொண்டிருந்தபோது அந்த இடம் கண்ணில் பட்டது. ஊருக்கு வெளியே ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய கல் குவாரி. கல் எடுப்பதை நிறுத்திய பிறகு ஊற்றும் மழையும் சேர்ந்து நிரம்பிவிட்டது. சுற்றிலும் தோட்டம், மதியச் சாப்பாடு, மரத்தடி நாற்காலிகள். டைவிங் தெரிந்தவர்கள் பயிற்சியாளரோடு குவாரியில் இறங்கலாம். கழிப்பறையின் படத்தைக்கூடப் போட்டிருந்தார்கள். எனக்கு லாட்டரி அடித்ததுபோல் இருந்தது.

"ஒரே ஒரு தடவை இறங்கிப் பாரு" என்றார் கணவர். "முடியலன்னா விட்டுடலாம். அந்த ஆளையும் கதவுலேர்ந்து இறக்கி யாருக்காவது குடுத்துடலாம். பரவாயில்லையா?"

சரி என்றேன். எனக்கு இனி டைவிங் உண்டா இல்லையா என்பது அந்த ஒரு இறக்கத்தில் தெரிந்துவிடும். முந்தைய நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

குவாரியைப் பார்த்ததும் படத்தில் பார்த்த உற்சாகம் போய்விட்டது. நாலு பக்கமும் கல்சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் கோடு கோடாக மேலிருந்து வந்து தண்ணீருக்குள் போய் மறைந்தன. காற்று அடித்தது, மரங்கள் அசைந்தன, தண்ணீர் மட்டும் அசையவில்லை. பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த ஒரு மிதவை மேடை இருந்தது. அதன் கம்பியில் கட்டிய மஞ்சள் கயிறு ஒன்று தண்ணீருக்குள் போனது. அதன் மறுமுனை, டைவர்கள் பார்ப்பதற்கென்றே அடியில் இறக்கி வைத்த ஒரு பழைய ஆட்டோரிக்‌ஷாவில் கட்டியிருந்தது.

பயிற்சியாளர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். "மேடம், கீழ விசிபிலிட்டி ஸ்வல்ப கம்மி. கயிறை விடாதீங்க. ஒரு தடவை இழுத்தா ஓகேவான்னு அர்த்தம். திருப்பி ஒரு தடவை இழுத்தா ஓகேன்னு அர்த்தம். என்னைக் காணோம்னா ஒரு நிமிஷம் பாருங்க, அப்புறம் மெதுவா மேல வந்துடுங்க. நானும் அதேதான் செய்வேன்."

அண்ணி மேடையில் நாற்காலி போட்டு, மடியில் பிளாஸ்க்கோடு, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மேடை ஆடுகிறது என்று என் கணவர் கரையிலேயே நின்றுகொண்டார்.

இறங்கினோம். முதலில் பச்சை, பிறகு பழுப்பு. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சுவரில் அந்தத் துளைத் தடங்கள் கூடவே இறங்கி வந்தன. ஓரிடத்தில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது, கோடு போட்டதுபோல, அதற்கு மேலே ஒரு தண்ணீர், கீழே வேறு தண்ணீர். அதற்கும் கீழே ஆட்டோ நின்றிருந்தது. முன்விளக்கு இருந்தது. ஓட்டுநர் இருக்கையின் ரெக்சின் கிழியாமல் இருந்தது, நடுவில் ஆள் உட்கார்ந்து எழுந்த குழிவோடு. மீட்டரைப் பார்க்க நான் குனிந்தபோது என் கால்துடுப்பு தரையில் பட்டது.

அடியில் இருந்தது மண் இல்லை, பல வருடக் கல்தூள். புகைபோல் எழுந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. ஆட்டோ போனது, பயிற்சியாளர் போனார், என் கையைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்தேன், அதுவும் இல்லை. கயிறு மட்டும் இடது கையில் இருந்தது. விதிப்படி நான் ஒரு நிமிடம் காத்திருந்து மேலே போயிருக்க வேண்டும். ஆனால் மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. மூச்சு வேகமாகிவிட்டது. அந்தத் தீவில் வந்தது திரும்ப வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கயிற்றை விட்டுவிட்டுத் துடித்து எழும்ப வேண்டும் என்று கால்கள் இரண்டும் கேட்டன.

கயிற்றை ஒரு தடவை இழுத்தேன். பதில் இல்லை.

பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்திருந்தால் உடனே பதில் வரும். அவர் கயிற்றில் இல்லை என்று புரிந்தது. புரிந்தும் இன்னொரு தடவை இழுத்தேன். கயிறு சும்மா கிடந்தது. மூன்றாவது தடவை இழுத்தேன்.

கயிறு என் கையை இழுத்தது. ஒரே ஒரு முறை, நிதானமாக.

நான் அலறியிருப்பேன், வாயில் குழாய் இருந்ததால் குமிழிகளாகப் போயிற்று. பயிற்சியாளர் இல்லை என்றால் இது யார்? என் கையில் இருந்த கயிற்றின் ஒரு முனையில் அந்த ஆட்டோ இருக்கிறது. அந்தக் காலி இருக்கையைத்தான் நான் நினைத்தேன். கையை விடவும் பயம், பிடித்திருக்கவும் பயம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. பிறகு மறுபடி இழுத்தேன். ஒன்று, பதில் இல்லை. இரண்டு, இல்லை. மூன்று. அதே நிதானத்தில் ஓர் இழுப்பு வந்தது.

இந்த முறை கவனித்தேன். இழுப்பு வந்தது என் பெருவிரல் பக்கமிருந்து. மேடையிலிருந்து யாரோ இழுக்கிறார்கள் என்றால், கயிறு விறைத்து எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம்தான் மேல். முதல் இரண்டுக்குத் திரும்பாத ஓர் ஆளை எனக்குத் தெரியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் பயம் முழுதாகப் போகவில்லை. அந்த இருட்டில் எதையும் நம்பத் தயாராக இருந்தேன், கெட்டதையும்தான். ஆனால் அந்த இரண்டு மௌனங்களுக்குக் காத்திருந்ததில் மூச்சு நிதானத்துக்கு வந்திருந்தது. கைமேல் கை வைத்துக் கயிற்றோடு ஏறினேன். நடுவில் ஐந்து மீட்டரில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி மூன்று நிமிடம் எண்ணிவிட்டு மேலே வந்தேன்.

பயிற்சியாளர் முன்பே மேலே வந்து, என் குமிழிகள் எழும் இடத்தைப் பார்த்தபடி, மறுபடி இறங்கத் தயாராக இருந்தார். என் கணவர் மேடைக்கு வந்திருந்தார், முழங்கால்வரை நனைந்து. அண்ணி நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்திப் போட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்த பிறகும் விடவில்லை.

"நீங்கதான் இழுத்தீங்களா அண்ணி?"

"அவர் சொன்னாரே, இழுத்தா திருப்பி இழுக்கணும்னு."

"முதல் தடவையே இழுத்திருக்கலாமே. கீழ எனக்கு உயிரே போச்சு."

"முதல் ரெண்டு தடவை நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "அந்தத் தண்ணியைப் பாரு. மேல எனக்கு மட்டும் என்ன, உயிர் இருந்துச்சா?"

கால் நனைய விரும்பாத பெண், அந்தக் கறுப்புத் தண்ணீரிலிருந்து எது இழுக்கிறது என்று தெரியாமலே திருப்பி இழுத்திருக்கிறார். இத்தனை விடுமுறைகளில் அவரைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கரைக்குப் போய் உடை மாற்றி, மூவரும் மரத்தடியில் சாப்பிட்டோம். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அண்ணி மட்டும் சீக்கிரம் முடித்துவிட்டு மேடையில் விட்டு வந்த பிளாஸ்க்கை எடுக்கப் போனார். திரும்பிவரக் கொஞ்சம் நேரமாயிற்று.

வீடு திரும்பும் வழியில், கே.ஆர். புரம் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது, அண்ணி பின்சீட்டிலிருந்து கேட்டார். "நாம சாப்பிட்டப்போ வேற யாராவது தண்ணிக்குள்ள இருந்தாங்களா?"

"இல்ல அண்ணி. இன்னிக்கு நாங்க ரெண்டு பேர்தான்."

"பிளாஸ்க் எடுக்கக் குனிஞ்சப்போ கயித்துல கை வெச்சேன். இழுத்துச்சு."

"மேடை ஆடியிருக்கும்க்கா" என்றார் கணவர், சாலையைப் பார்த்தபடி. வண்டியை ஓர் அடி நகர்த்திவிட்டு அவரே கேட்டார். "எத்தனை தடவை?"

"ரெண்டு."

"அப்புறம்?"

"மூணாவதுக்கு நின்னு பாத்தேன். வரல."

அந்த உடையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அலசி, பழைய இடத்திலேயே தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று முறை அந்தக் குவாரியில் இறங்கிவிட்டேன், அண்ணி ஊரிலிருந்து வரும் நாட்களில் மட்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் இப்போது பதறுவதில்லை, ஊதி வெளியேற்றிவிடுகிறேன். கீழே போய்ச் சேர்ந்ததும் கயிற்றை இழுக்கிறேன், எண்ணி இழுக்கிறேன். மூன்றாவதுக்கு முன்னால் கை நழுவிவிடக் கூடாது என்ற ஒரு பயம்தான் மிச்சம் இருக்கிறது. இரண்டோடு நின்றுவிட்டால், மேலே இருக்கிறவர் அது நானில்லை என்று முடிவு செய்துவிடுவார்.