இறைக்காத தடாகம்

புத்தூரில் எங்கள் வீட்டு நீச்சல் தடாகம் பச்சையாகும் போதெல்லாம், பக்கத்துத் தோட்டக்கார அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரே வைத்தியத்தைத்தான் சொல்லுவார்: "இறைச்சுப்போட்டுப் புதுத் தண்ணி விடு, பிள்ளை."

கிணற்றுக்கு அது சரி. இறைத்தால் ஊற்று புதிதாகச் சுரக்கும். தடாகத்துக்கு ஊற்று ஏது? ஆனாலும் ஒருமுறை அவர் பேச்சைக் கேட்டு இறைத்தேன். பச்சைத் தண்ணீர் முழுவதும் அவருடைய வெங்காயத்துக்குப் பாய்ந்தது. நான் சுவரைத் தேய்த்துக் கழுவிக் கிணற்றிலிருந்து நிரப்பினேன். ஒரு கிழமைக்குள்ளேயே மறுபடி பாசி.

அதன்பிறகு நான் இறைப்பதே இல்லை. சுவர்ப் பாசியைப் பிரஷால் உரஞ்சி விழுத்துவேன். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் பொழுதுபட்டதும் அதைப் போட்டு, மோட்டரை விடியும்வரை ஓட விடுவேன். இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை.

போன மாதமும் மதிலுக்கு மேலால் தலை தெரிந்தது. "இன்னும் இறைக்கேல்லையோ?"

எனக்குச் சினம் வந்துவிட்டது. "இல்லை அண்ணை. நீங்கள் வெங்காயத்துக்குப் போடுற யூரியா என்ரை கிணத்துக்குள்ளைதான் இறங்குது. அதைக் குடிச்சுத்தான் இந்தப் பாசி இப்பிடி வளருது."

அவர் இன்னும் கொஞ்சம் எக்கித் தடாகத்தைப் பார்த்தார்.

"அப்ப அது என்ரை உரமெல்லோ! அந்தத் தண்ணியை இஞ்சாலை திருப்பி விடு, பிள்ளை."